இந்தியக் கால்பந்து லீக்கின் சரித்திரம் – 17: முதலிடமும் கடைசி இடமும்

2007-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி அரியலூர் இரண்டாம் முறையாக ஒரு மாவட்டத்தின் தலைநகரமாயிற்று. அதற்கு மறுநாள், கோவாவில் மட்காவ் நகரத்து ஃபட்டோர்டா மைதானத்தில் டெம்போ கழகமும் சால்கோகர் கழகமும் எதிரெதிரே நிற்க, பதினோரு பருவங்களாகத் தேசியக் கால்பந்து லீக் என்று வழங்கிவந்த போட்டி, ஐ-லீக் என்னும் புதுப் பெயரோடு மறுபிறவி எடுத்தது. இவ்விரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் கிடையாது; ஏடுகளைப் புரட்டுகையில் தேதிகள் அடுத்தடுத்து வந்து நின்றன, அவ்வளவே. ஆயினும், 2001 ஜனவரி முதல் தேதியில் மாவட்டமாகி, 2002 மார்ச் மாத இறுதியில் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, ஐந்தரை ஆண்டுகளுக்கு மேலாகக் கலெக்டரிடம் ஒரு மனுக் கொடுப்பதென்றாலும் பெரம்பலூர் பஸ்ஸுக்குக் காத்து நின்று, பின் மீண்டும் தனி மாவட்டமான ஊரில் வசிப்பவர்களுக்கு, நம் நாட்டுக் கால்பந்து லீக்கின் கதையை விளங்கவைப்பதில் அதிகச் சிரமம் இராது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஊரார் செய்யும் தொழிலும் மாறவில்லை. ஆனால் அந்த ஊர் எந்தப் படியில் நிற்கிறது என்பதை எங்கோ எழுதப்படும் ஓர் அரசாணை தீர்மானித்துவிடுகிறது. இந்தியாவின் கால்பந்துக் கழகங்கள் பலவற்றுக்கும் நேர்ந்தது இதுதான்.

முந்தைய அத்தியாயங்களில், 1996-97-இல் பஞ்சாபின் பக்வாரா நகரத்து ஜே.சி.டி. மில் அணி முதல் தேசிய லீக் பட்டத்தை வென்றது தொடங்கி, கல்கத்தாவின் இரு பெருங்கழகங்களும் கோவாவின் கழகங்களும் பெரும்பாலும் தமக்குள்ளேயே அப்பட்டத்தைக் கைமாற்றிக்கொண்டிருந்த காலத்தைக் கண்டோம். அந்நாளில் தமிழகத்தின் சார்பாக அந்த லீக்கில் நின்றது சென்னையின் இந்தியன் வங்கி அணி. அது மரியாதையாக ஆடியது. பட்டத்தின் பக்கம் நெருங்கவில்லை. 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக சைமன் சுந்தரராஜ் அடித்ததே ஒலிம்பிக்கில் இன்றளவும் இந்தியாவின் கடைசி கோல் என்பதையும், பீட்டர் தங்கராஜ் என்னும் நெடிய கோல்கீப்பரின் கீர்த்தியையும் பேசிப் பேசி மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்த தமிழகத்து அபிமானிகள், லீக் பட்டம் ஒன்றைக் கண்ணால் காணாமலே ஒரு தலைமுறையைக் கழித்தார்கள். இந்த அத்தியாயத்தில் அந்தக் குறை தீர்கிறது. ஒரு முறைக்கு மூன்று முறையாகத் தீர்கிறது. தீர்ந்த விதந்தான் விசித்திரம்.

அதை அறிவதற்கு முன், ஒரே தேசத்தில் இரண்டு முதல்தர லீக்குகள் எவ்வாறு முளைத்தன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2010 டிசம்பர் 9-ஆம் தேதி அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம், ரிலையன்ஸும் ஐ.எம்.ஜி.யும் கூட்டாக நடத்திய ஸ்தாபனத்தோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் என்பது அதன் சாரம். இந்தியக் கால்பந்தின் வியாபார உரிமைகள் அதன் மூலம் கைமாறின. அந்த வித்திலிருந்து 2014 அக்டோபரில் எட்டு அணிகளோடு இந்தியன் சூப்பர் லீக் எழுந்தது. சினிமா நட்சத்திரங்களும் கிரிக்கெட் பிரமுகர்களும் அணிகளின் சொந்தக்காரர்கள் ஆனார்கள்; சென்னையின் எஃப்.சி. என்ற அணிக்கு அபிஷேக் பச்சனும் வீட்டா தானியும் மகேந்திர சிங் தோனியும் உரிமையாளர்கள். ஐரோப்பாவில் பேரும் புகழும் சம்பாதித்து ஓய்வை நெருங்கிய ஆட்டக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். வெளிச்சமும் வாத்தியமும் தொலைக்காட்சியுமாகப் புதிய லீக் ஜொலித்தது. ஆனால் அங்கே இடம் என்பது பணம் கொடுத்துப் பெற்ற இடம். எத்தனை ஆட்டம் தோற்றாலும் அந்த இடம் போகாது. பழைய ஐ-லீக்கிலோ, விதிப்படி, தோற்றவர் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டும், கீழே வென்றவர் மேலேறவேண்டும், பட்டம் பெற்றவர் ஆசியப் போட்டிக்குப் போகவேண்டும். விதி எப்போதும் விதிப்படி நடந்ததா என்பது வேறு கேள்வி. 2015-16-இல் தரமிறங்கிய ஐசால் கழகம், கோவாவின் கழகங்கள் மனம் கசந்து லீக்கை விட்டு வெளியேறியதால் மறுபடியும் சேர்த்துக்கொள்ளப்பட்டு, அடுத்த ஆண்டே தேசத்தின் சாம்பியன் ஆயிற்று. மிசோரத்தின் மலைநகரத்துக்கு அந்தப் பாக்கியம் கிட்டியதில் எனக்கு மகிழ்ச்சியே. எனினும், இறக்கப்பட்ட அணி பட்டம் வெல்லும் லீக்கைச் சரித்திரக்காரன் என்னவென்று எழுதுவது?

இப்படி ஏறவும் இறங்கவும் வழிவைக்கும் ஏணி முறை எப்படி நடக்கவேண்டும் என்பதற்கு ஒரு சிறிய நாட்டைப் பார்ப்பது தகும். அந்த நாடு பின்னால் நம் கதைக்குள்ளேயே பிரவேசிக்கப்போகிறது என்பதாலும் இங்கே அதைச் சொல்கிறேன். ஸ்விட்சர்லாந்தின் ஜனத்தொகை ஏறக்குறைய 90 லட்சம். 2011 கணக்கெடுப்பில் 7 கோடியைத் தாண்டிவிட்ட தமிழகத்தில் சுமார் எட்டில் ஒரு பங்குதான். அங்கே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தேசியச் சாம்பியன்பட்டம் நடந்துவருகிறது. போட்டியின் பெயர் பல தடவை மாறியிருக்கிறது. அணிகளின் தொகையும் மாறியிருக்கிறது. ஏணி மட்டும் எடுக்கப்படவில்லை. ரைன் நதிக்கரையில் உள்ள பாசல் நகரத்தின் கழகம் 1893-இல் பிறந்தது. பல பட்டங்கள் வென்ற அக்கழகம் 1988-இல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது; ஆறு ஆண்டுகள் அங்கே கிடந்தது; 1994-இல் மேலேறியது; 2002-இல் மறுபடியும் சாம்பியன் ஆனது; 2010 முதல் 2017 வரை தொடர்ச்சியாக எட்டுப் பட்டங்களைக் குவித்தது. எட்டாண்டு ஆதிக்கத்தை 2018-இல் முறித்தது பெர்ன் நகரத்து யங் பாய்ஸ் கழகம். அவர்களுக்கு அது முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த பட்டம். இறங்கியபோது பாசல்காரர்கள் அழுதிருப்பார்கள். ஆனால் திரும்பி ஏறுவதற்கு வழி எது என்று எவரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இனித் தமிழகம். 2015-ஆம் ஆண்டு சூப்பர் லீக்கின் இரண்டாம் பருவத்தில் சென்னையின் எஃப்.சி., இத்தாலியின் மார்கோ மாத்தராத்சி பயிற்சியில், பருவத்தின் பெரும்பகுதியைப் பட்டியலின் அடியில் கழித்துவிட்டு, கடைசி ஆட்டங்களை வரிசையாக வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. அந்த நேரத்தில் வந்தது வெள்ளம். டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டு, விமான நிலையமே மூடப்பட்டு, சென்னை நகரம் தண்ணீரில் நின்றபோது கால்பந்தாட்டம் எவர் நினைவிலும் இல்லை. சென்னையில் நடக்கவேண்டிய அரையிறுதி ஆட்டம் புனாவுக்கு மாற்றப்பட்டது. வேற்றூரில், தம் ஊரார் இல்லாத மைதானத்தில், கல்கத்தா அணியை 3-0 என்று வென்றார்கள். மறு ஆட்டத்தில் கல்கத்தாவில் 1-2 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் முந்தி இறுதிக்குச் சென்றார்கள்.

டிசம்பர் 20-ஆம் தேதி ஃபட்டோர்டாவில் நடந்த அந்த இறுதியாட்டத்தைச் சற்று நிதானமாகவே சொல்லவேண்டும். எதிரணி எஃப்.சி. கோவா, ஆடுகளமும் அவர்களுடையது, நிறைந்திருந்த கூட்டமும் அவர்களுடையது. அவர்களின் கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி சென்னைக்குக் கிடைத்த பெனால்டிகளைத் தடுத்துப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தார். முதல் பெனால்டியில் அவர் தட்டிவிட்ட பந்து திரும்பிவர, புரூனோ பெலிசாரி அதை உள்ளே தள்ளியதே சென்னையின் முதல் கோல். கோவாவின் ஹாவ்கிப் சமன் செய்தார். 87-ஆம் நிமிடத்தில் ஜோஃப்ரே ஃப்ரீ கிக்கில் அடித்த பந்து வலையில் விழ, கோவா 2-1 என்று முந்தியது. மைதானம் கொண்டாடத் தொடங்கிவிட்டது. 90-ஆம் நிமிடத்தில், அத்தனை நேரம் கோவாவைக் காத்துநின்ற அதே கட்டிமணியின் கையில் பட்ட பந்து அவருடைய கோலுக்குள்ளேயே போயிற்று. அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா மூன்றாவது கோலை அடித்தார். அந்தப் பருவத்தில் அது அவருக்குப் பதின்மூன்றாவது. தமிழகத்து அணி ஒன்று தேசிய லீக் ஒன்றின் கோப்பையை முதன்முதலாகத் தூக்கியது இவ்விதம். வெள்ளம் வடிந்து இன்னும் சேறு காயாத வீடுகளில், கரண்ட் வந்திருந்த இடங்களில் மட்டும், சென்னைவாசிகள் அதைத் தொலைக்காட்சியில் கண்டார்கள்.

2018 மார்ச் 17-ஆம் தேதி பெங்களூரின் கண்டீரவா மைதானத்தில் கிடைத்த இரண்டாம் கோப்பை இவ்வளவு நாடகத்தன்மை கொண்டதல்ல. ஆனால் ஆட்டத்திறத்தில் அதுவே உயர்ந்தது என்பது என் அபிப்பிராயம். சுனில் சேத்ரி 9-ஆம் நிமிடத்தில் பெங்களூருக்கு முதல் கோலை அடித்த பின்பு, மைல்சன் ஆல்வெஸ் என்னும் பிரேசில் நாட்டுத் தடுப்பாட்டக்காரர் தலையால் முட்டி இரண்டு கோல்கள் போட்டார், ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைச் சேர்த்தார், முடிவு 3-2. அரையிறுதியில் கோவாவை வீழ்த்திய 3-0 வெற்றியில் ஒரு கோல் வியாசர்பாடியின் தனபால் கணேஷுடையது என்பதை நம்மவர்கள் மறக்கலாகாது. வடசென்னையில் சந்துக்குச் சந்து பந்து உருளும் அந்தப் பேட்டை இல்லையேல் தமிழகக் கால்பந்துக்கு முதுகெலும்பு இல்லை. ஜான் கிரிகரி என்ற ஆங்கிலேயர் அப்போது பயிற்சியாளர். இதற்குள் 2017-இல் ஆசியக் கால்பந்துச் சம்மேளனம் சூப்பர் லீக்கையும் அங்கீகரித்துவிட்டதால், 2017-18 முதல் இரண்டு லீக்குகளும் ஒரே காலத்தில் அக்கம்பக்கமாக நடக்கலாயின.

இங்கேதான் நம் கதையின் நடுநாயகம் வருகிறது. சென்னை சிட்டி எஃப்.சி. என்ற கழகத்தின் மூலம், 1946-இல் சென்னையில் தோன்றிய நேதாஜி விளையாட்டுக் கழகம். ரோஹித் ரமேஷ் என்பவரின் உடைமையாக அது 2016-17-இல் ஐ-லீக்கில் நேரடியாகச் சேர்க்கப்பட்டது. சென்னையில் சூப்பர் லீக்கின் ஆடம்பரத்துக்கு எதிரே கூட்டம் சேர்ப்பது கஷ்டமாக இருந்திருக்கவேண்டும்; அடுத்த பருவத்தில் கோயம்புத்தூர் நேரு மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. பெயரில் சென்னையும் வாசம் கோவையுமாக அவர்கள் நடத்திய முதல் பருவம், பத்து அணிகளில் எட்டாமிடம். தரமிறக்கத்துக்குத் தப்பினார்கள், அவ்வளவுதான்.

2018-19-க்குச் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினின் கீழ்ப்பிரிவுகளில் ஆடிய, பத்திரிகைகளில் எவரும் கேள்விப்பட்டிராத ஆட்டக்காரர்கள் சிலர் வந்தார்கள்: பெத்ரோ மான்சி, நெஸ்தர் கோர்தியோ, சாந்த்ரோ ரொத்ரீகஸ், ரொபெர்தோ எஸ்லாவா. இவர்களோடு தமிழகத்து இளைஞர்கள் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார், மைக்கேல் ரெஜின், பிரவித்தோ ராஜு ஆகியோர். அக்டோபர் 26-ஆம் தேதி கோவையில் நடந்த பருவத்தின் முதல் ஆட்டத்தில் இந்தியன் ஏரோஸ் என்னும் இளையோர் அணியை 4-1 என்று வென்றார்கள். மான்சி வந்ததும் வராததுமாக ஹாட்ரிக் அடித்தார். பந்தை நெடுக உதைத்துவிட்டு அதன் பின்னே ஓடும் ஆட்டத்தையே கண்டு பழகிய ஐ-லீக்கில், கோல்கீப்பரிடமிருந்தே தரையோடு தரையாகப் பந்தைக் கைமாற்றிக் கொண்டுபோகும் அந்த ஆட்டமுறை ஒரு புதுமை. நெஸ்தர் எதிரணியின் இரு வரிசைகளுக்கு இடையே நின்று பந்தை வாங்கித் திரும்பும் லாவகத்தையும், அவர் திரும்புமுன்பே மான்சி ஓடத் தொடங்கிவிடும் சாமர்த்தியத்தையும் அப்பருவத்து ஆட்டங்களின் படச்சுருளில் இன்றும் பார்க்கலாம், பார்க்க அலுப்பதில்லை. மான்சி 21 கோல்கள் அடித்தார். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே தொகை.

பதினோரு அணிகள், ஆளுக்கு இருபது ஆட்டங்கள். முடிவு கடைசி நாளுக்குத் தள்ளிப்போயிற்று. 2019 மார்ச் 9-ஆம் தேதி கோவையில் சென்னை சிட்டியும், முந்தைய பருவத்துச் சாம்பியனான மினர்வா பஞ்சாபும் மோத, அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கிழக்கு வங்கக் கழகம் கோகுலம் கேரளாவோடு ஆடியது. சென்னை சிட்டி ஒரே புள்ளி முன்னே. வென்றால் பட்டம், தவறினால் கோழிக்கோட்டைப் பார்த்துக் கும்பிடவேண்டும். ஆட்டம் தொடங்கி மூன்றாம் நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளையில் கோவை 0-1, கோழிக்கோடு 0-0. மைதானத்தில் பாதிப்பேர் கண் ஆடுகளத்திலும் பாதிப்பேர் கண் கைபேசியிலும் இருந்திருக்கும் என்பதை ஊகிக்க அதிகக் கற்பனை வேண்டியதில்லை. 56-ஆம் நிமிடத்தில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். 69-ஆம் நிமிடத்தில், அதுகாறும் கோல் அடிப்பதற்காக எவரும் அறிந்திராத அஸ்ஸாமியத் தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா முந்திக் கொடுத்தார். கூடுதல் நேரத்தில் அவரே இன்னொன்றும் போட்டார். கோழிக்கோட்டில் கிழக்கு வங்கமும் பின்தங்கியிருந்து 2-1 என்று வென்றது. அந்த வெற்றி அவர்களுக்கு உதவவில்லை. சென்னை சிட்டி 43 புள்ளி, கிழக்கு வங்கம் 42.

இப்போது இன்னொரு பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அதே 2018-19 பருவத்தில் சூப்பர் லீக்கில், நடப்புச் சாம்பியனான சென்னையின் எஃப்.சி. பதினெட்டு ஆட்டங்களில் இரண்டே இரண்டை வென்று, மூன்றைச் சமன் செய்து, மிச்சம் பதின்மூன்றையும் தோற்று, 9 புள்ளிகளோடு பத்தாவது இடத்தில், அதாவது கடைசியில், நின்றது. ஒரே மாநிலம், ஒரே பருவம், ஓர் அணி முதலிடம், மற்றோர் அணி கடைசி இடம். ஏணி இருந்திருந்தால் இருவரும் வழியில் ஒருவரையொருவர் பார்த்து வணக்கம் சொல்லிக்கொண்டு இடம் மாறியிருப்பார்கள். ஏணி இல்லை. கடைசியில் நின்றவர் மேல்தட்டிலேயே இருந்தார். முதலில் நின்றவர் எந்தத் தட்டில் இருக்கிறார் என்பதே தெளிவில்லை.

ஐ-லீக் அணிகள் தாழ்ந்த தரம், ஆகையால் அவற்றுக்கு மேலே இடமில்லை என்று அந்நாளில் சொல்லப்பட்ட வாதத்துக்கு ஆடுகளமே ஒரு மறுமொழி கொடுத்தது. ஏப்ரல் மாதத்தில் புவனேசுவரத்தில் இரு லீக்குகளின் அணிகளும் கலந்துகொள்ளும் சூப்பர் கோப்பை நடந்தது. சம்மேளனத்தின் போக்கை ஆட்சேபித்து ஐ-லீக் கழகங்கள் பல அதைப் பகிஷ்கரித்தன. ஆடச்சென்ற சென்னை சிட்டி, காலிறுதியில் பெங்களூரு எஃப்.சி.யை 2-1 என்று வென்றது. பெங்களூரு அப்போதுதான் சூப்பர் லீக் சாம்பியனாகி வந்திருந்தது. ஒரு லீக்கின் சாம்பியனை மற்ற லீக்கின் சாம்பியன் வென்றது. எது மேல் லீக் என்று கேட்டால் என்ன சொல்வது? அரையிறுதியில் கோவாவிடம் 0-3 என்று நன்றாகவே தோற்றார்கள் என்பதையும் நேர்மையாகக் குறித்துவைக்கிறேன்.

இத்தருணத்தில்தான் ஸ்விட்சர்லாந்து உள்ளே வருகிறது. 2019 தொடக்கத்தில், பட்டத்துக்கான போட்டி நடந்துகொண்டிருக்கையிலேயே, எஃப்.சி. பாசல் சென்னை சிட்டியின் பங்குகளில் 26 சதவிகிதத்தை வாங்கியது. பாசலின் அப்போதைய தலைவர் பெர்ன்ஹார்ட் புர்கேனர். சிறுவர் பயிற்சிக்கூடங்கள், இளம் ஆட்டக்காரர்களைக் கண்டெடுப்பது என்று பெரிய திட்டங்கள் பிரஸ்தாபிக்கப்பட்டன. கீழே விழுந்து ஏணிவழியாகவே எழுந்த கழகம் ஒன்று, ஏணியே இல்லாத நாட்டில் முதலீடு செய்ததன் விநோதம் அப்போது எவருக்கும் பட்டதாகத் தெரியவில்லை. முதலீட்டாளர் கண்ணுக்கு நூறு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் தெரிந்திருப்பார்கள். 2021-இல் புர்கேனர் தம் பங்குகளை டேவிட் டேகனுக்குக் கைமாற்றிவிட்டுப் பாசலை விட்டே விலகினார்.

2019 அக்டோபரில் வியட்நாமின் டா நாங் நகரில் கூடிய ஆசியக் கால்பந்துச் சம்மேளனத்தின் செயற்குழு இந்திய விவகாரத்துக்கு ஒரு தீர்வு எழுதியது. சூப்பர் லீக்கே இந்தியாவின் முதல் லீக், ஐ-லீக் இரண்டாவது, 2022-23 பருவம் முதல் ஐ-லீக்கின் சாம்பியனுக்கு மேலேறும் உரிமை, மேல் லீக்கிலிருந்து இறங்குவது அதன் பின்னர் ஆலோசிக்கத்தக்கது. ஆட்டத்தில் தோற்காமலே, பட்டம் வென்ற ஏழே மாதத்தில், சென்னை சிட்டி இரண்டாம் பிரிவு அணியாயிற்று. எங்கள் அரியலூரை ஓர் அரசாணை பெரம்பலூரோடு சேர்த்தபோதாவது, கலெக்டரைக் கேட்டால் செலவுச் சிக்கனம் என்று ஒரு காரணம் சொல்லியிருப்பார்.

அதன் பின் நடந்தவை விரைவானவை. 2020 ஜனவரியில் ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கின் முதல் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா கழகத்திடம் 0-1 என்று தோற்றார்கள். நெஸ்தர் அதற்கு முன்பே ஹைதராபாத்துக்குப் போய்விட்டிருந்தார். மான்சி ஜப்பானின் நீகாட்டா நகருக்குப் போனார். கொரோனா வந்தது. 2020-21 பருவம் முழுவதும் வங்காளத்தில், வெளியார் அண்டாத ஏற்பாட்டில் நடந்தது. 2021-22 பருவத்தின் பதின்மூன்று அணிகளில் சென்னை சிட்டியின் பெயர் இல்லை. அதிலிருந்து 2024-25 வரை ஐ-லீக்கில் தமிழகத்துக் கழகம் ஒன்றும் ஆடவில்லை. பட்டம் வென்ற மூன்றாம் பருவத்தில் லீக்கை விட்டே மறைந்துபோன சாம்பியன் வேறு நாட்டில் உண்டா என்று தேடிப்பார்த்தால், ஒருவேளை கிடைக்கலாம். ஸ்விட்சர்லாந்தில் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

கழகம் மறைந்தது, ஆட்டக்காரர்கள் மறையவில்லை. ரொமாரியோ கோவாவுக்கும், எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கும், அஜித்குமார் பெங்களூருக்கும் சென்றனர். அவர்களுக்கு முன்பே சென்னை சிட்டியில் ஆடி விலகிய, கன்னியாகுமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ், 2019-20-இல் சூப்பர் லீக் பட்டம் வென்ற கல்கத்தா அணியில் இருந்தார். 2020 மார்ச் 14-ஆம் தேதி ஃபட்டோர்டாவில், தொற்றின் அச்சத்தால் ஒரு பார்வையாளரும் இல்லாத மைதானத்தில், அந்த அணி 3-1 என்று வென்றது எவரை என்றால், ஓவன் கோய்லின் பயிற்சியில் கீழிருந்து எழுந்து இறுதிக்கு வந்த சென்னையின் எஃப்.சி.யைத்தான். இன்னொரு பழைய சென்னை சிட்டிக்காரரான நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒரே கோலால் கிழக்கு வங்க அபிமானிகளின் கண்ணுக்குக் கண்ணானார்.

எங்கள் பக்கத்தில் கால்பந்து எப்படி என்று வாசகர் கேட்கலாம். கபடியும் வாலிபாலும் கிரிக்கெட்டும் போக மிச்சமுள்ள இடத்தில் அது வாழ்கிறது. பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் நிலத்தில் ஐப்பசி மழைக்குப் பின் பந்து உருளாது, ஒட்டிக்கொள்ளும். சித்திரையிலோ வெடிப்பில் குதிகால் இறங்கும். அரியலூர்ப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையோரத்து மைதானங்களில், மாலை ஆட்டம் முடித்து வரும் பையன்களின் புருவமும் வெளுத்திருக்கும். முதுகில் மெஸ்ஸி என்றும் ரொனால்டோ என்றும் அச்சிட்ட சட்டை. மான்சி என்று எழுதிய சட்டையை இங்கே எவரும் அணிந்ததில்லை. திறமைக்குப் பஞ்சம் என்று சொல்ல மனம் வரவில்லை. இந்திய ஹாக்கி அணியில் ஆடியுள்ள செல்வம் கார்த்தி அரியலூர்க்காரர்தாமே. ஆனால் அவரும் கோவில்பட்டிக்குப் போய்த்தான் ஹாக்கி பயில நேர்ந்தது. சிவகங்கை மாவட்டத்துக் கண்டனூரில் பிறந்து, 2022 டூரண்ட் கோப்பை இறுதியில் பெங்களூருக்காகக் கோல் அடித்த சிவசக்தி நாராயணனுக்கும், முன்னாள் இந்திய ஆட்டக்காரர் ராமன் விஜயனின் பயிற்சிப்பள்ளி வழியாகவே கதவு திறந்தது. கிராமத்துப் பையனுக்கு அருகில் ஓர் ஐ-லீக் கழகம் இருப்பது எவ்வளவு பெரிய வாசல் என்பதை, அவ்வாசல் கோவையில் திறந்திருந்த மூன்று பருவங்கள் காட்டின.

மீதிச் சரித்திரத்தை ஓட்டமாகச் சொல்லிவிடலாம். கோகுலம் கேரளா 2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளும் ஐ-லீக் வென்றது. மேலேறும் உரிமை இன்னும் அமலுக்கு வராத காலமாதலால் இருந்த இடத்திலேயே இருந்தது. 2022-23-இல் பஞ்சாப் கழகம் வென்று, களத்தில் சம்பாதித்து மேலேறிய முதல் அணி என்ற பெயரைப் பெற்றது. மறு ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங். அந்த முகமதன் 2024-25-இல் சூப்பர் லீக்கின் கடைசியில் நின்றும் இறக்கப்படவில்லை. அதே பருவத்து ஐ-லீக்கிலோ, சாம்பியன் சர்ச்சிலா இன்டர் காசியா என்ற வழக்கு ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரத்து விளையாட்டு நடுவர் மன்றம் வரை சென்று, 2025 ஜூலையில்தான் இன்டர் காசி சாம்பியன் என்று தீர்ப்பாயிற்று. பாசல் பங்கு வாங்க வந்த நாட்டிலிருந்தே நமக்குத் தீர்ப்பும் வந்தது. அதே பருவத்தில் பாசல், ஊருக்குத் திரும்பிவந்த ஷெர்தான் ஷாகிரியைக் கொண்டு, யங் பாய்ஸும் ஒருமுறை சூரிச்சும் ஆண்ட ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, மறுபடியும் ஸ்விஸ் லீக்கை வென்றது. அங்கே 2023-24 முதல் அணிகள் பத்திலிருந்து பன்னிரண்டாயின.

அதே 2025 ஜூலையில், பதினைந்தாண்டு உடன்படிக்கை டிசம்பர் 8-ஆம் தேதி முடியவிருந்த நிலையில் புது ஏற்பாடு ஏதும் கூடிவராமையால், அடுத்த சூப்பர் லீக் பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. மேல்தட்டு என்று உறுதிமொழி தரப்பட்ட லீக்குக்கே இடம் இல்லாமற்போனது. சம்பளம் எப்போது வரும், ஆட்டம் எப்போது என்று தெரியாமல் ஆட்டக்காரர்கள் பகிரங்கமாக முறையிட்டார்கள். கடைசியில் மத்திய அரசு தலையிட்டு, 2026 பிப்ரவரி 14-ஆம் தேதி 14 கழகங்களோடு சுருங்கிய பருவம் ஒன்று தொடங்கும் என்று ஜனவரியில் அறிவித்தது.

2019-ஆம் ஆண்டில் தமிழகத்துக்கு இன்னொரு தேசிய லீக் பட்டமும் வந்தது என்பதைப் பலர் அறியார். சென்னை சிட்டி கோவையில் கோப்பை வாங்கிய இரண்டே மாதத்தில், மே மாதம் லூதியானாவில், மதுரையின் சேது எஃப்.சி. மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக்கின் சாம்பியன் ஆயிற்று. எங்களுக்கு அண்டை மாவட்டமான கடலூரின் இந்துமதி கதிரேசன் அந்த அணியில் ஆடினார். அந்த லீக்கின் கதையை அடுத்த இதழில் பார்ப்போம்.